முலுகியாவுக்கு ஒரு மூச்சு

தந்தா ஊரின் அந்தச் சின்ன அடுக்களையில் மதிய வெயில் சட்டியின் விளிம்பில் மின்னுகிறது. கல்யாணமாகி வந்தபின் ஷாஹிந்தா முதன்முறையாக முலுகியாக் கீரை சமைக்கிறாள். நெய்யில் பூண்டு சிவக்கிறது. தாளிப்பைக் கீரையில் கொட்டும்போது சமைப்பவள் "ஹா" என்று மூச்சை இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் ருசி சேராது என்பது அந்த ஊர் நம்பிக்கை. மாமியார் இன்ஸாஃப் கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "மூச்சு கேக்கலைன்னா நான் வெறும் ரொட்டியத் தின்னுட்டு எந்திரிச்சிருவேன், ஆமா!" "கேக்கும் மாமி, அவசரப்படாதீங்க." "நானா அவசரப்படுறேன்? உன் பூண்டுதான் கருகப் பாக்குது, மூக்கு சொல்லுதே!" அவள் சாப்பிடாமல் எழுந்துவிட்டால் வீட்டில் வேறு யாரும் தட்டைத் தொட மாட்டார்கள். ஷாஹிந்தா தாளிப்புக் கரண்டியைத் தூக்குகிறாள். சாய்க்கிறாள். சுர்ரென்று பச்சை நுரை பொங்குகிறது. பயத்தில் மூச்சு வரவேயில்லை. அந்த நொடியில் "ஹா!" என்று நீளமாக ஓர் இழுப்பு கேட்கிறது, கூடத்திலிருந்து. ஷாஹிந்தா எட்டிப் பார்க்கிறாள். நாற்பது வருஷமாக இழுத்துப் பழகிய வாயை இன்ஸாஃப் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருக்கிறாள். பிறகு மெல்லக் கையை எடுக்கிறாள். "என்னடி பாக்குறே? கேட்டுச்சு, கேட்டுச்சு. எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடு."