ஊஞ்சல் கணக்குப் போட்ட அண்ணனும் தங்கையும்

கணினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற கையேடு ஒன்றில், வகைக்கெழுச் சமன்பாடு அண்ணனாகவும் இயற்கணிதச் சமன்பாடு தங்கையாகவும் குடியிருந்தார்களாம். ஊஞ்சல் ஆடுவதைக் கணக்குப் போடுவது அவர்கள் வேலை. அடுத்த நொடி ஊஞ்சல் எந்தப் பக்கம், எவ்வளவு நகரும் என்று அண்ணன் சொல்வான். கயிற்றின் நீளம் மாறக் கூடாது என்று தங்கை சொல்வாள், அவ்வளவுதான். ஆனால் கையேட்டின் தலைப்பில் அண்ணன் பெயரும், அதன் பின்னால் தங்கை பெயரும் சேர்ந்தே இருந்தன. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"ஓடி ஓடி உழைக்கிறவன் நான். சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கிற உன் பேரு எதுக்கு?"

"சரிண்ணே, எடுத்திருங்க" என்று தங்கை ஒதுங்கிக்கொண்டாள்.

அண்ணன் தனியாகவே ஊஞ்சலை ஆட்டினான். நொடிக்கு நொடி கணக்கு மயிரிழை பிசகியது, அவனுக்குத் தெரியவில்லை. ஆயிரமாவது நொடியில் பார்த்தால், கயிறு கல் கட்டிய புடலங்காயாக நீண்டு, பலகை தரையில் இடிக்கப் போகிறது!

"ஏ தங்கச்சி, ஓடியா! உன் பேரையே முன்னாடி போட்டுடறேன்!"

ஓடி வந்தவள் தன் பழைய பேச்சையே சொன்னாள். கயிறு தன் அளவுக்குத் திரும்பியது. அப்புறம்தான் சிரித்தாள்.

"பேரு பின்னாடியே இருக்கட்டும்ண்ணே. ஆடுற ஊஞ்சலுக்கு முன்னாடி யாராவது போய் நிப்பாங்களா?"