பூனை குடித்த எண்ணெய்

1912-இல் புன்னக்காயல் வள்ளம் ஒன்றுக்குச் சுக்கான் பிடித்தவன் சிலுவை. ஒரு மாதமாக அந்தி சாய்ந்தால் அவனுக்குக் கண் தெரியவில்லை. ஊர் அறிந்தால் சுக்கான் வேறு கைக்குப் போய்விடும். மனைவி மார்கரெட்டிடம்கூட அவன் சொல்லவில்லை.

அந்தி சாய்ந்தது. மார்கரெட் சோற்றுத் தட்டை அவன் கையிலேயே கொண்டுவந்து வைத்தாள்.

“ஏட்டி, வள்ளத்துக்குப் பூச வச்ச சுறா ஈரல் எண்ணெய் பாதிப் பானையைக் காணல?”

“பூனை குடிச்சிருக்கும்.”

“வள்ளம் உளுத்துப்போனா ஒம் பூனையா கடலுக்குப் போவும்? குழம்பும் தெனம் ஒரே வீச்சம்.”

“பேசாம சாப்பிடுங்க.”

சாப்பிட்டுக் கை கழுவி நிமிர்ந்தான். மேற்கே, ஆற்றுக்கு மேலே வானத்தில் ஏதோ மினுங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். மறுபடியும் மினுங்கியது.

“ஏட்டி, வெள்ளி தெரியுது” என்றான், தன்னை மறந்து.

மார்கரெட் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ பூனைக்குக் கண்ணு வந்துட்டு” என்றாள்.