துவைத்த புடவை

இடது அக்குள் பற்றி எரிந்தது.

கையை உடம்போடு ஒட்டி வைத்தால் எரிச்சல். தள்ளி வைத்தால் பார்க்கிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். மகளின் நிச்சயத்தன்று அஸ்ரப் நிஷா அந்த ஒரு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

மார்பில் கட்டி எடுத்த இடத்தில் கரண்ட் வைத்து முடித்துச் சில வாரங்கள்தான் ஆகின்றன. கதிர்வீச்சு என்று டாக்டர் சொன்னது அவள் கணவர் ஜான் பாஷாவின் வாயில் கரண்ட் ஆகிவிட்டது. தோல், அடுப்பில் வாட்டிய கத்தரிக்காய் மாதிரி கறுத்து உரிந்துகொண்டிருந்தது.

ஜாக்கெட்டுக்குள் கணவரின் பழைய பனியன். ஜவுளிக்கடைக்காரர் மனைவிக்கு வந்த யோகம். அதுவும் வேர்வையில் தோலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஊரில் யாருக்கும் தெரியாது. இடுப்பு வலி, புதுச்சேரியில் அக்கா வீட்டில் தங்கி வைத்தியம். நாத்தனார் ருக்ஷானாவுக்குக்கூட அந்தக் கதைதான்.

தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மாப்பிள்ளை வீட்டுத் திருக்கோவிலூர்க்காரர்கள் வந்த வேனிலேயே திரும்பிவிடுவார்கள். மாப்பிள்ளை ரவூப், மகள் நௌஷீன் தானே ஆசைப்பட்ட பையன். அவனிடம் போனில்கூட மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்ததிலிருந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணைப் பார்க்க வந்தவள் என்னை எதற்குப் பார்க்கிறாள்? அஸ்ரப் நிஷா முக்காட்டை இன்னும் இழுத்துப் போர்த்தினாள். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

தட்டுகளைப் பிரித்தார்கள். நௌஷீனுக்குப் பச்சைப் பட்டு. ருக்ஷானாவுக்கே ஜரிகை மின்னும் ஒன்று வந்திருந்தது. பெண்ணின் தாய்க்கென்று வைத்த பையில் ஒரு வெளிர் நீல நூல் புடவை.

ருக்ஷானா அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். துணியிலேயே பிறந்து வளர்ந்தவள்.

“இன்னா பாபி இது, துவைச்ச புடவயக் கொண்ணாந்து வச்சிக்கிறாங்க? துணிக்கட வூட்டுக்கே பழசா?”

ரகசியமாகத்தான் சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்டது.

அஸ்ரப் நிஷாவும் தொட்டுப் பார்த்தாள். உண்மைதான். கடை அட்டை இருக்கிறது, கஞ்சியின் மொடமொடப்பு இல்லை. தண்ணீர் பார்த்த துணி.

முகம் சுட்டது. பெண்ணைக் கொடுக்கிறோம் என்றால் இவ்வளவு இளப்பமா? விட்டெறிந்துவிட்டு எழுந்து போகலாம் போலிருந்தது. நௌஷீன் மருதாணிக் கைகளைப் பார்த்தபடி தலையே நிமிரவில்லை.

அந்தக் கைகளுக்காகப் புடவையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வாயில் சர்க்கரை போட்டு முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். இனி சம்பந்திகள் கட்டித் தழுவ வேண்டும். முதலில் இடது மார்பு, பிறகு வலது, மறுபடி இடது. காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

அந்த அம்மா நல்ல ஆகிருதி. இறுக்கினால் கத்திவிடுவேன். கத்தினால் எல்லாம் முடிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள். அஸ்ரப் நிஷா பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வலது தோள் கனத்தது.

வலது பக்கம் மட்டும். இடது பக்கம் காற்றுப் போகும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த அம்மாவின் அந்தப் பக்கத்துக் கை முதுகைத் தொடவே இல்லை. ஒரே தடவைதான், அதோடு சரி.

“நாலு தண்ணியில அலசிட்டேன் சம்பந்தி, கஞ்சி மொத்தமும் போயிடுச்சு. உறுத்தாது. வூட்ல அதயே கட்டிக்கினு இருங்க.”

இது மட்டும் ருக்ஷானாவுக்குக் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது எதிரே நௌஷீன் நின்றிருந்தாள். சத்தியம் செய்து கொடுத்த பெண். திட்டு விழுமோ என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஸ்ரப் நிஷாவுக்கு அழுகை வந்தது. துடைக்கவில்லை. இடது கையை உடம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.