ஃபார்மன் 222-இன் மூக்கு

"மூக்கு ரெண்டு மில்லிமீற்றர் கட்டை. கழட்டுங்கோ, ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை."

லவினியா அளவுகோலைத் தொடவேயில்லை. மாதிரி விமானத்தின் மூக்கில் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு நிமிர்ந்தாள். ஏற்கெனவே சக்கரத்தில் ஒரு தடவை, இறக்கையில் ஒரு தடவை ஒட்டியிருந்தாள்.

பீலெஃபெல்டில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் பட்டறை அது. ஸ்ரனிஸ்லாஸ் மாதிரிகள் செய்பவர், லவினியா அவற்றைச் சரிபார்ப்பவள். மேசையில் இருந்தது ஃபார்மன் 222, முப்பதுகளின் பிரெஞ்சுக் குண்டுவீச்சு விமானம். இழுக்க இரண்டு எஞ்சின், தள்ள இரண்டு எஞ்சின்.

"பிரெஞ்சுக்காரரும் உம்மைப் போலதான், பிள்ளை. முதல் மடங்காத சக்கரம், பிறகு மடங்கிற சக்கரம், பிறகு மூக்கு நீளவேணும் எண்டு மாத்தி மாத்திக் கீறினவங்கள். யுத்தம் வரேக்க கையில கொஞ்சப் பொம்மர்தான்."

"அப்ப நீங்களும் ஆறுதலாச் செய்யுங்கோ."

"உமக்கென்ன, ஜெர்மன் பாஸ்போட்! எனக்கு வேலை இருந்தால்தான் விசா. முடிக்கவேணும் எண்டு ஃபெர்ட்றாக்கில கிடக்கு. முடிக்காட்டில் கலைச்சுப்போடுவாங்கள்."

அந்த ஒப்பந்தத்தில் அவருக்குப் பிடிபட்ட ஒரே ஜெர்மன் சொல் 'ஃபெர்டிக்'. முடிந்தது என்று அர்த்தம்.

"இந்த விசாக் கதையை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"எல்லாருக்கும்தான்."

"உங்கட வாய்க்குத்தான் முதல் ஒரு மூடி செய்யவேணும்," என்றாள் லவினியா, சிரிக்காமல்.

வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு. ஸ்ரனிஸ்லாஸ் கழற்றிய மூக்கை அப்படியே திரும்பப் பூட்டினார். சிவப்புத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு மேலாளரான ஷெஃப்பை அழைத்துவந்தார்.

ஷெஃப் விமானத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கைகொடுத்தார். ஒரு தாளில் கையொப்பமிட்டு நீட்டினார்.

திங்கட்கிழமை லவினியா வந்தபோது விமானம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"பாத்தீரே? ஷெஃப் ஒரு பிழையும் பிடிக்கேல்லை!"

"பிழை இருந்தால்தானே பிடிக்க. மூக்கிலயும் இல்லை, சக்கரத்திலயும் இல்லை."

"பிறகேன் நாலு மாசமா என்னைப் போட்டு வதைச்சனீர்?"

வேலை முடிந்தது என்று ஷெஃப் கையொப்பமிட்ட தாளை அவள் வாங்கி வாசித்தாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஃபெர்ட்றாக்கில 'முடிக்கவேணும்' எண்டில்லை, அண்ணை. 'முடியும்வரைக்கும்தான் வேலை' எண்டு கிடக்கு."