பழைய வண்டியின் பழக்கம்

நாங்கள் வாங்கிய, உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்ளும் வசதியுள்ள கேம்பர்வேன், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும். ஆனால் பழையது. முன்பு வைத்திருந்தவர் அதற்குப் பழக்கியதையெல்லாம் அழித்துத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். கிளம்பும் அவசரத்தில் என் கணவர் கோகுல், "அப்புறம் பாத்துக்கலாம்" என்றுவிட்டார்.

தரங்கம்பாடியில் கடலைப் பார்க்க இறங்கப் போனேன். கதவடியில் ஒரு படி தானாக இறங்கியது. நான் மணலிலிருந்து திரும்பி வரும்வரை அது அப்படியே இருந்தது. வேதாரண்யத்திலும் அதேதான்.

"இத முன்னாடி வெச்சிருந்தவரோட சம்சாரத்துக்கு முட்டிவலியாம், கடைக்காரர் சொன்னாரு. எல்லாத்தையும் அழிச்சிடறேன் ஷர்மி, நேரம் வீணாகுது."

"ஊருக்குப் போய் அழிச்சுக்கலாங்க."

கம்பத்தில் ஒயின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை. இருவரும் இறங்கினோம். கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களாகக் கோயிலோ ஆஸ்பத்திரியோ, கோகுல் எனக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார். நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்ததில்லை. அன்றும் விறுவிறுவென்று போய்விட்டார்.

பின்னால் சரளைக்கல் நெரியும் சத்தம் கேட்டது. வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் நடைக்குச் சரியாக, என் பக்கத்திலேயே வந்தது. பந்தலில் தொங்கிய ஒரு கொத்தைத் தொட்டுப் பார்க்க நின்றேன். அதுவும் நின்றது.

கோகுல் திரும்பிப் பார்த்தார். "என்னாச்சு இந்த வண்டிக்கு? ஏன் இப்படி ஊர்ந்து வருது?"

நான் வண்டியின் கதவில் கை வைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.