தள்ளிப் போன ஆடி

“அந்த ரெண்டையும் பிரிச்சு வச்சிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்றார் தனுஷ்கோடி. நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னதால், குரலில் வரவேண்டிய அளவுக்குக் கோபம் வரவில்லை.

விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர் அவர். கொட்டுகிற மழையில் ஆமத்தூர் வரைக்கும் வந்திருந்தார். ஊர்த் தலைவர் உக்கிரபாண்டி ஒழுகாத இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டார்.

“ஊரே கூடி, மேளம் வச்சு, பிள்ளையார் முன்னால நடத்துன கல்யாணம். பிரிக்கச் சொன்னா எப்படிண்ணாச்சி?”

“தாலி ஏறுன சாயங்காலம் ஆரம்பிச்ச மழை. இன்னும் வெயிலக் கண்ணுல பாக்கல. திரி காயல, மருந்து காயல. தீவாளி ஆர்டர் அம்புட்டும் நமத்துப்போய்க் கெடக்கு. வேலைக்கு வாற பொம்பளைக வானத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போறாக.”

“ராசியான புள்ள அண்ணாச்சி. அது வந்த நேரந்தான் எங்க கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சு. சோளம் இப்பத்தான் தலை தூக்குது.”

தனுஷ்கோடி குரலைத் தணித்தார். “ஒரேயடியா அத்துவிடச் சொல்லல. ஆடிக்குப் புதுப்பொண்ணப் பிரிச்சு வைக்கிறதில்லையா? இது தள்ளிப் போன ஆடின்னு நெனச்சுக்கோங்க. தீவாளி வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும்.”

உக்கிரபாண்டிக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று. ஆனால் கதவோரம் நின்ற அவர் மனைவி மூக்கம்மாள் லேசில் விடவில்லை.

“அது எதையும் கேட்டு வாங்கித் திங்காது. நீங்கதான் பாத்துப் போடணும்.”

“போடுறோம்மா.”

“கொஞ்சம் கோவக்காரப் புள்ள. அந்த நேரத்துல யாரும் பின்னால நிக்காதீக.”

“முன்னாலயே நின்னுக்கிடுறோம்.”

“லோடு வண்டியில ஏத்திட்டுப் போறதெல்லாம் ஆகாது. எங்க ஊருப் பொண்ணு உங்க கார்லதான் போகணும்.”

வாசலில் நின்ற காரை தனுஷ்கோடி திரும்பிப் பார்த்தார். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. கம்பெனியில் நமத்துக் கிடக்கும் பெட்டிகளை ஒருமுறை நினைத்துக்கொண்டு, “சரி” என்றார்.

“மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?” என்றாள் மூக்கம்மாள்.

“அவன் சாப்பாட்டுல இருக்கான். இப்பச் சொன்னாலும் காதுல விழாது,” என்றார் உக்கிரபாண்டி.

மூக்கம்மாள் கொல்லைப் பக்கம் போய், பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்பினாள்.

தனுஷ்கோடிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. கிழக்கே மேகம்கூடக் கொஞ்சம் விலகுவதாகத் தோன்றியது.

டிரைவர் ஊர்க்காவலன் மழையில் நனைந்தபடி வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

“மொதலாளி, கழுதை ஏறிருச்சு. வாலுதான் கதவுல மாட்டுது.”