மறுபக்கத்துக் கோடு

ரொடோப்பி மலையில் பனி உருகியதும், அருவிப் பாதை மரங்களில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று வழிக்கோடு போடுவது சோன்காவும் அவள் கணவன் ராதோயும்தான். ஏறுகிறவர்கள் பார்க்கும் பக்கம் அவளுக்கு. பின்னால் வரும் அவனுக்கு, இறங்குகிறவர்கள் பார்க்கும் பக்கம்.

"மரத்த விட்டுட்டு ஏமாத்தாதய்யா!" வழியெல்லாம் கத்தினாள். பதிலுக்கு பிரஷ் உரசும் சத்தம் மட்டும் வந்தது. நம்பாமல் ஒரு மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஈரக் கோடு. அவனுக்கு இவ்வளவு நேராக வராதே.

அருவியடியில் ராதோய் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"முட்டி வலிடி. அடிவாரத்துலயே மர லாரில ஏறிட்டேன். கத்திச் சொன்னேனே, கேக்கல?"

"நடிக்காதய்யா."

அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். துளி பெயிண்ட் இல்லை. டப்பாவின் மூடியே திறக்கப்படவில்லை.

அவள் கடைசியாகக் கோடு போட்ட தடித்த மரத்துக்குப் பின்னால், ஊருக்கு இறங்கும் வழியைக் காட்டும் பக்கத்தில், பிரஷ் இன்னும் உரசிக்கொண்டிருந்தது.